கெண்டைக்காலுக்குள் ஒரு பெரட்டு

லெட்சுமணனை நான் சந்தித்ததற்குக் காரணம், ஒரு கண்ணாடிக் குழாயில் கட்டில் இலக்கம் எழுதாமல் விட்டதுதான். மலைநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றின் ஆய்வுகூடத்தில் எனக்கு வேலை. நோயாளிகளின் முகங்களை நாங்கள் பார்ப்பது குறைவு. அவர்களுடைய இரத்தமும் சளியும் சீழும்தான் எங்களிடம் வரும். அன்று பகல் சத்திரசிகிச்சை வாட்டிலிருந்து சீழ் தோய்ந்த பஞ்சுக்குச்சி ஒன்று வந்தது. குழாயில் சிங்களத்தில் 'லக்ஷ்மன்' என்று மட்டும் இருந்தது. அந்த வாட்டில் அந்தப் பெயரில் இரண்டு பேர் கிடந்தார்கள். ஒருவருடைய சீழுக்கு மற்றவர் மருந்து வாங்கக் கூடாதே என்று நானே மாடியேறிப் போனேன்.

ஜன்னலோரக் கட்டிலில், வலது காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு ஒருவர் சாய்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். மெலிந்த உடம்பு. தோளும் முன்கையும் மட்டும் வேறு ஆளுடையவை போல முறுக்கேறி இருந்தன.

"லெட்சுமணன் நீங்கதானேண்ணே?"

"ஆமாங்க." என் வெள்ளைக் கோட்டை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி எந்தத் தோட்டம்?"

எங்கள் பக்கத்தில் பெயருக்கு முன்னால் கேட்கிற கேள்வி இது. தோட்டத்தின் பெயரைச் சொன்னேன்.

"அட, அக்கரப்பத்தனைப் பக்கந்தானா. யாரு மகன்?"

"கணேசமூர்த்தி மகன்."

"லொறியில கொழுந்து மூட்டை ஏத்துவாரே, அவரு மகனா கோட்டுப் போட்டிருக்காரு?" பக்கத்துக் கட்டில்காரரைப் பார்த்து, "கேட்டுக்கங்க, நம்ம லயத்துப் புள்ளை" என்றார்.

அதைக் கேட்க எனக்கு நன்றாகத்தான் இருந்தது. எங்கள் டிவிஷனிலிருந்து கம்பஸுக்குப் போய்ப் பட்டத்தோடு திரும்பியவன் எனக்கு முன் யாரும் இல்லை.

"என் கால்ல இருந்து தொடச்சு எடுத்துக்கிட்டுப் போனாங்களே, அத என்னா செய்வீங்க?" என்று கேட்டார்.

"தட்டுல போட்டு வளர்ப்போம்ண்ணே. வளர்ந்தாத்தான் என்ன கிருமின்னு தெரியும்."

"கொல்லுங்கன்னு நான் இங்க வந்து படுத்திருக்கேன். நீங்க கீழ வச்சு வளக்குறீங்க."

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். லெட்சுமணன் சிரிக்கவில்லை. கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டே இருந்தார். அந்தக் குளிரிலும் அவருக்கு வியர்த்திருந்தது.

காலைப் பார்த்தேன். கெண்டைக்காலின் உட்பக்கம் ஒரு துளை, மைசூர்ப் பருப்பு அளவுதான். சுற்றிலும் தோல் இழுத்துக் கட்டியது போலப் பளபளத்தது. கவ்வாத்து மலையில் குத்தியது என்றார். தேயிலைச் செடியை மட்டமாக வெட்டி மொட்டையாக்குவதுதான் கவ்வாத்து. வெட்டிய கம்பு ஈட்டி முனைபோல நிற்கும். வழுக்கிய கால் அதில் ஏறிவிட்டது.

"சும்மா கெடந்துச்சுங்க தம்பி. வலியே இல்ல. மஞ்சளப் பத்துப் போட்டுட்டு வேலைக்கே போனேன். அப்புறம் ஒரு நாளு விடிஞ்சு எந்திரிக்கிறேன், காலு என்னோட காலாவே இல்ல."

பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு கேக்குறேன், மறைக்காமச் சொல்லுங்க. காலை எடுத்துருவாங்களா?"

நான் டாக்டர் இல்லை என்றேன். பார்த்தவரையில் அப்படித் தெரியவில்லை என்றும் சொன்னேன். அவர் தலையாட்டினார், நம்பவில்லை. அவருடைய அண்ணன் அழகனின் கதையைச் சொன்னார். அழகனுக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இருந்தது. பெருவிரலில் புண் வந்தது. விரலை எடுத்தார்கள். பிறகு பாதம். பிறகு முழங்கால். கடைசியில் தோட்டத்துச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனபோது பெட்டி கனமே இல்லையாம். தூக்கியவர்களில் லெட்சுமணனும் ஒருவர்.

"வெட்டத் தொடங்குனா நிக்காதுங்க. கவ்வாத்துலயும் அப்படித்தான். செடியில ஒரு வாதை எடுத்தா அடுத்ததையும் எடுக்கத் தோணும்."

அவர் பிறந்தது இப்போது குடியிருக்கும் அதே லயத்தில்தான், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். கொழும்பில் ஒரு பலசரக்குக் கடையில் மூட்டை தூக்கப் போய், அங்கே இரவில் படுக்க இடமில்லாமல் படியில் தூங்கி, நெஞ்சுச் சளியோடு திரும்பியவர். அதன் பிறகு தோட்டத்தை விட்டு எங்கும் போகவில்லை. சரிவான மலையில் இரண்டு காலையும் பரப்பி ஊன்றி, இடுப்பை வளைத்து, ஒரே இழுப்பில் தடித்த வாதை, அதாவது கிளையை, வெட்டுவது அவருடைய வேலை. கையில் பலமிருந்தால் போதாது; கால் நிற்க வேண்டும். ரத்னாவைக் கல்யாணம் கட்டி, ஒரே மகள் சர்மிளாவை மஸ்கெலியாவில் கட்டிக்கொடுத்தாயிற்று. கால் இல்லாத கவ்வாத்துக்காரனுக்குத் தோட்டத்தில் வேலை இல்லை. வேலை இல்லாதவனுக்கு லயத்தில் குடியிருக்கும் காம்பராவும் நிச்சயமில்லை. இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதை நாங்கள் இருவரும் பேசவில்லை.

மறுநாள் காலை தட்டை எடுத்துப் பார்த்தேன். இரத்தம் கலந்த சிவப்புத் தட்டு அது. அதன்மேல் பொன்னிறப் பொட்டுகள் முளைத்திருந்தன. ஒவ்வொரு பொட்டைச் சுற்றியும் சிவப்பு அழிந்து, கண்ணாடி போல வெறிச்சென்று ஒரு வட்டம். எத்தனையோ தட்டுகளில் பார்த்த வட்டம்தான். ஆனாலும் பார்க்கும்போதெல்லாம் பயமாக இருக்கும். அந்தக் கிருமி நகரவில்லை. அது இருந்த இடத்திலேயே இருக்கிறது. நகர்ந்து போனது அது வெளியே துப்பிய புரதம். அந்த எச்சில் பரவிப் போய், சிவப்பணுக்களைத் துளைத்து உடைத்திருக்கிறது.

இதைவிடப் பயம் தருவது, அந்தத் துப்பலுக்கு இருக்கும் ஒழுங்கு. ஸ்டெபிலோகொக்கஸ் என்ற இந்தப் பற்றீரியா உடம்புக்குள் நுழைந்த உடனே நஞ்சைக் கொட்டுவதில்லை. நஞ்சைச் செய்யும் மரபணுக்கள் அதனிடம் முதலிலிருந்தே உண்டு. ஆனால் பெரும்பாலும் மூடிக் கிடக்கும். தொகை குறைவாக இருக்கும்போது வேறு மரபணுக்கள் திறந்திருக்கும். அவை தசையில் ஒட்டிக்கொள்வதற்கான பசைப் புரதங்களைச் செய்பவை. ஒட்டிக்கொண்டு, சத்தமில்லாமல் பெருகும். அப்படிப் பெருகும்போதே ஒவ்வொன்றும் மிகச் சிறிய புரதத் துணுக்கு ஒன்றை வெளியே விட்டபடி இருக்கும். அந்தத் துணுக்கு வந்து தொட்டால் உணர்வதற்கு ஒவ்வொன்றின் மேற்பரப்பிலும் ஓர் ஏற்பி இருக்கிறது. துணுக்கு கொஞ்சமாக இருந்தால் ஒன்றும் நடக்காது. போக வழியில்லாமல் அது சுற்றிலும் தேங்கிவிட்டால், 'நாம் இப்போது போதுமான பேர்' என்று எல்லாவற்றுக்கும் தெரிந்துவிடும். உள்ளே சுவிட்ச் போல ஓர் ஆளி திரும்பும். பசை மரபணுக்கள் அடங்கும். நஞ்சு மரபணுக்கள் திறக்கும். அணுக்களைத் துளைக்கிற புரதங்கள், தசையைக் கரைக்கிற புரதங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வெளியே கொட்டும்.

கம்பஸில் இதைப் படித்தபோது விரிவுரையாளர் பலகையில் நீளமான ஆங்கிலப் பெயரொன்றை எழுதினார். எனக்கு மனதில் விழுந்தது எங்கள் சொல்தான்: பெரட்டு. காலையில் களத்தில் ஆட்கள் கூடுவார்கள். பெயர் கூப்பிட்டு, எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று பார்த்து, இன்ன மலைக்கு இன்ன வேலை என்று தோட்டத்து உத்தியோகத்தரான கண்டாக்கு பிரித்து அனுப்புவார். கிருமிகளின் பெரட்டில் கண்டாக்கு இல்லை, கங்காணி இல்லை. யாரையும் பிடித்து நிறுத்தச் சொல்ல முடியாது.

வாட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். எடுத்த தாதி மிஸ் சிங்களத்தில் சொன்னார்: அந்தக் கட்டில் காலி.

மாடிக்கு ஓடினேன். தலையணையில் கால் கிடந்த பள்ளம் அப்படியே இருந்தது. கட்டிலடியில் ஒரு சோடிச் செருப்பு.

"கக்கூசுக்குப் போறேன்னுதான் போனாருங்க" என்றார் பக்கத்துக் கட்டில்காரர். "டாக்டரு வந்து பாத்துட்டு, கூட வந்தவங்ககிட்ட என்னமோ சொன்னாரு. அதுல இருந்து இவரு மூஞ்சி மாறிப்போச்சு. செருப்பக்கூட மாட்டல."

டாக்டரைத் தேடிப் போய்த் தட்டில் கண்டதைச் சொன்னேன். என் வயதுக்காரர், தெற்கே காலி நகரத்திலிருந்து வந்த சிங்களவர். உள்ளே சீழ்க்கட்டி இருக்கிறது, இன்றைக்கே திறந்து வெளியேற்ற இருந்தேன் என்றார். ஊசி மருந்து மட்டும் போதாது; தேங்கிய சீழுக்குள் மருந்து சரியாகப் போய்ச் சேராது. "இன்றைக்கு எடுக்காவிட்டால்..." என்று தொடங்கினார். முடிக்கவில்லை. நான் அரைநாள் லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

கொட்டகலை தாண்டும்போதே மூடுபனி இறங்கிவிட்டது. கண்ணாடிக்கு வெளியே எதுவும் தெரியவில்லை. பஸ் ஒவ்வொரு வளைவிலும் ஹோன் அடித்துக்கொண்டே ஊர்ந்தது. வீட்டுக்கு எத்தனையோ முறை போன வழிதான். அன்று பஸ் நின்ற இடமெல்லாம் எழுந்து முன்னால் எட்டிப் பார்த்தேன். நான் உட்கார்ந்திருக்கும் இந்த நேரத்தில் ஒருவருடைய தசைக்குள் என்ன கரைந்துகொண்டிருக்கிறது என்பது, அந்த பஸ்ஸில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

லயத்துக்கு ஏறும் ஒற்றையடிப் பாதை கவ்வாத்து வெட்டிய மலை வழியாகப் போனது. இலை ஒன்றுகூட இல்லாத மொட்டைக் கம்புகள் பனிக்குள் வரிசை வரிசையாக நின்றன. அவர் வெட்டியவையாகத்தான் இருக்கும்.

காம்பரா வாசலில் ரத்னா நின்றிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறேன் என்றதும் முகம் இறுகியது.

"டிக்கட் வெட்டிட்டாங்க, வீட்டுக்குப் போன்னுட்டாங்கன்னு வந்து படுத்தாரு. பொய்யா தம்பி?"

"டிக்கட் வெட்டலக்கா. சொல்லாமக் கொள்ளாம ஓடி வந்துட்டாரு."

"அதானே பாத்தேன். கையில ஊசிய மாட்டிக்கிட்டே டிக்கட் வெட்டுன ஆஸ்பத்திரி எது?" உள்ளே பார்த்துக் குரலை உயர்த்தினார். "ஏங்க, உங்களத் தேடிக்கிட்டு கவுருமெண்டே வந்திருக்கு. எந்திரிச்சு வாங்க."

உள்ளே இருட்டாக இருந்தது. லெட்சுமணன் கம்பளியைக் கழுத்துவரை இழுத்துக் கிடந்தார். மருந்து ஏற்றும் குழாய் ஊசி புறங்கையில் பிளாஸ்டரோடு அப்படியே இருந்தது. உடம்பு கொதித்தது. கம்பளியை விலக்கினேன். கெண்டைக்காலைச் சுற்றிப் பொலித்தீன். மழைக்கு இடுப்பில் கட்டும் படங்கிலிருந்து கிழித்தது. மேலும் கீழும் ரப்பர்ப் பட்டி போட்டு இறுக்கியிருந்தது. பட்டிக்கு மேலே சதை பிதுங்கி நின்றது.

"ஏண்ணே இதைக் கட்டுனீங்க?"

"காத்துப் படக் கூடாதுங்க. அங்க தொறந்து போட்டதுலதான் கூடிப்போச்சு."

நான் பட்டிகளை அவிழ்த்தேன். வாடை வந்தது. ரத்னா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு அடி பின்னால் போனார். முதல் நாள் பருப்பளவு இருந்த துளையின் ஓரம் சாம்பல் நிறமாகியிருந்தது. சுற்றிலும் செங்கல் சிவப்பு, முழங்காலை நோக்கி ஏறியிருந்தது. சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து, சிவப்பு முடியும் இடத்தில் ஒரு கோடு போட்டேன்.

"என்னா தம்பி, எங்க வெட்டுறதுன்னு அளவு போடுறீங்களா?" என்றார். அது பகிடி இல்லை. காலை உள்ளே இழுத்துக்கொள்ளப் பார்த்தார், இழுக்க முடியவில்லை.

"யாருண்ணே வெட்டுறாங்க? டாக்டர் என்ன சொன்னாரு, அதைச் சொல்லுங்க."

"கபன்ன ஓனேன்னாரு, வெட்டணும்னு. என் காலத் தொட்டுக் காட்டிச் சொன்னாரு. எனக்கு சிங்களம் தெரியாதுன்னு நெனச்சுட்டாரு."

அந்தச் சொல்லை அவர் எங்கே கற்றார் என்று கேட்டேன். தோட்டத்தில் டர்பன்டைன் மரங்களை அறுக்க வந்த சிங்கள ஆட்களிடம். 'கபன்ன' என்று அவர்கள் கைகாட்டிய எந்த மரமும் பிறகு நின்றதில்லை. அவருக்குத் தெரிந்த 'கபன்ன' அது ஒன்றுதான்.

"அண்ணே, கீறுறதுக்கும் அவங்க அதையேதான் சொல்வாங்க. டிக்கட் வெட்டுறதுக்கும் அதேதான். சீழை வெளிய எடுக்கக் கீறணும்னுதான் சொன்னாரு. நான் இப்பத்தான் அவர்கிட்டப் பேசிட்டு வர்றேன்."

"நீங்க என்னைக் கூட்டிக்கிட்டுப் போகணும்னு சொல்வீங்க. அண்ணனுக்கும் முதல்ல நகத்த மட்டுந்தான்னாங்க."

"அவருக்கு சீனி. உங்களுக்கு சீனி இல்ல. உங்க ரத்தத்தை நேத்து எங்க லேப்லதான் பார்த்தோம்."

அவர் முகட்டுத் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்படியில் ரத்னா கேத்தலை வைக்கும் சத்தம் கேட்டது.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. காலையில் தட்டில் கண்டதைச் சொன்னேன். உள்ளே பெரட்டு நடக்கிறது என்றேன். கிருமி ஒவ்வொன்றும் ஒரு சின்னச் சாமானை வெளியே விடுகிறது. அது எவ்வளவு தேங்கியிருக்கிறது என்பதை வைத்துத்தான் எத்தனை பேர் கூடியிருக்கிறோம் என்று தெரிந்துகொள்கிறது. ஆள் காணாவிட்டால் சும்மா ஒட்டிக்கொண்டு கிடக்கும். ஆள் கூடிவிட்டால் நஞ்சு.

அவர் கண் முகட்டிலிருந்து இறங்கியது.

"கவ்வாத்துக்கு ஆளு சேரலேன்னா கண்டாக்கய்யா எங்களைப் புல்லு வெட்ட அனுப்பிருவாரு" என்றார் மெதுவாக. "ஆளு சேந்தாத்தான் கத்திய எடுக்கச் சொல்வாரு."

"அதேதாண்ணே. உங்க காலு சும்மா கெடந்த நாளெல்லாம் அதுக புல்லு வெட்டுன நாளு."

"இப்பக் கத்திய எடுத்துருச்சா?"

"எடுத்துருச்சு. சீழு உள்ளயே தேங்கிக் கெடந்தா பெரட்டு கலையாது. அது விடுற சாமான் வெளிய போக வழியே இல்ல. நீங்க வேற மேல பொலித்தீனச் சுத்தி இறுக்கிட்டீங்க. கதவத் தொறந்து விட்டாத்தான் கலையும். அந்தக் கதவுதான் டாக்டர் கீறப்போறது."

"மாத்திரை போட்டுக் கொல்லலாமே?"

"கொல்லலாம். ஆனா துப்புனது துப்புனதுதான். கிருமி செத்தாலும் அது துப்புன நஞ்சு அங்கயே இருக்கும். அதையும் கழுவி எடுக்கணும்."

ரத்னா பிளேன்டீயைக் கொண்டுவந்து வைத்தார். லெட்சுமணன் தேத்தண்ணியைத் தொடவில்லை. நான் குடித்தேன். ரத்னா ஜன்னல் பலகையைத் தள்ளினார்; வெளிச்சம் காலில் விழுந்தது. மூன்று பேரும் ஒன்றாகத்தான் பார்த்தோம். சிவப்பு, நான் போட்ட கோட்டைத் தாண்டி ஒரு விரல் அகலம் மேலே போயிருந்தது.

"அந்தக் கோட்ட நீங்க நகத்துனீங்களா?" என்று கேட்டார் லெட்சுமணன்.

"பேனா என் பையிலதாண்ணே இருக்கு."

அவர் முதல் தடவையாகத் தன் காலை, அது தன்னுடையதே இல்லை என்பது போல, தொடாமல் குனிந்து பார்த்தார். பிறகு ரத்னாவிடம் கையை நீட்டினார். "சட்டையக் குடு."

வாசல் வரை தாங்கிக்கொண்டு போனபோது என் தோளைப் பிடித்து நிறுத்தினார். "ஒண்ணு மட்டும் தம்பி. அந்த டாக்டரு சொல்றத சொல்லு சொல்லா எனக்குச் சொல்லணும். கூட்டக் கூடாது, கொறைக்கவும் கூடாது."

பக்கத்து லயத்திலிருந்து ஆட்டோ வந்தது. பின் இருக்கையில் ரத்னா அவர் காலை மடியில் வைத்துக்கொண்டார். குழியில் விழும்போதெல்லாம் அவர் பல்லைக் கடிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது.

"ஓடி வரத் தெரிஞ்சுச்சுல்ல" என்றார் ரத்னா. "இப்பத் திரும்பி ஓடுங்களேன், ஆட்டோக் காசாவது மிஞ்சும்."

"சும்மா இரு புள்ள" என்றார் அவர். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் ரத்னா அழுதுகொண்டிருந்தார், சத்தமில்லாமல். ஹட்டன் பாதைக்கு ஏறுவதற்குள் லெட்சுமணன் தூக்கத்தில் பேசுவது போலப் பேசத் தொடங்கிவிட்டார். அழகன் அண்ணன் எங்கே என்று கேட்டார். ரத்னா என்னைப் பார்த்தார். நான் டிரைவரைப் பார்த்து, கொஞ்சம் வேகமாகப் போங்க என்றேன். அவர் போய்க்கொண்டுதான் இருந்தார்.

டாக்டர் காலை அழுத்திப் பார்த்தார். நான் பேனாவால் போட்ட கோட்டைப் பார்த்தார். அதற்கு மேலே இப்போது சிவப்பு எங்கே நிற்கிறது என்று பார்த்தார். காலையில் அவரிடமிருந்த சாதாரண முகம் இல்லை. சிங்களத்தில், மெதுவாக, நான் மொழிபெயர்க்க இடம்விட்டு விட்டுப் பேசினார். முதல் வாக்கியமே கடுமையாக இருந்தது. அதை மென்மையாக்கிச் சொல்வதற்குத் தமிழில் எத்தனையோ வழி இருந்தது. லெட்சுமணன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலையில கீறியிருந்தா சின்ன வேலைங்கிறாரு" என்றேன். "இப்ப ஆழமாப் போயிருக்கும்போல. தொறந்து பார்ப்பாராம். செத்த சதை இருந்தா எடுக்கணுமாம். காலைக் காப்பாத்தத்தான் பார்ப்பாராம். ஆனா வாக்குக் குடுக்க முடியாதுங்கிறாரு."

"காலை எடுக்கவும் வேண்டி வரலாம்னு சொன்னாரா?"

"சொன்னாருண்ணே. உசுருக்கு ஆபத்துன்னா."

எதற்குப் பயந்து ஓடினாரோ, அது ஓடிப்போனதால்தான் பக்கத்தில் வந்து நின்றது. அது அவருக்கும் புரிந்துவிட்டது. கண்ணை மூடினார். டாக்டர் காத்திருந்தார், அவசரப்படுத்தவில்லை. பிறகு தனக்குத் தெரிந்த தமிழில், ஒவ்வொரு சொல்லாகக் கூட்டி, "ஐயா, நான் கால் வெட்ட ஆசை இல்ல. நான் பாக்கிறது, கால் வச்சிருக்க" என்றார்.

லெட்சுமணன் கண்ணைத் திறந்தார். "செய்யுங்க" என்றார்.

தியேட்டர் கதவு மூடிய பிறகு நானும் ரத்னாவும் வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தோம். சாயங்காலம் நோயாளிகளைப் பார்க்க வருகிறவர்கள் வந்தார்கள், போனார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் ஏதாவது இரும்பு மோதினால் ரத்னா என் கையைப் பிடித்து இறுக்கினார். நான் படித்தது எதுவும் அந்த வாங்கில் உதவவில்லை. எந்த மரபணு எப்போது திறக்கும் என்று தெரிந்ததால், இன்னும் தெளிவாகப் பயப்பட்டேன், அவ்வளவுதான். ஓர் ஆள் பெரிய தட்டொன்றைத் துணி போட்டு மூடி எடுத்துக்கொண்டு எங்களைக் கடந்து போனபோது ரத்னா எழுந்து நின்றுவிட்டார். அந்தத் துணிக்கடியில் இருக்கக்கூடியதன் நீளத்தைத்தான் நாங்கள் இரண்டு பேரும் பார்த்தோம். அது குட்டையாக இருந்தது. கால் இருக்க இடமில்லை.

டாக்டர் வெளியே வந்தார். சீழ் ஒரு கிண்ணம் போயிற்று. கெண்டைக்காலின் உட்பக்கத் தசை ஒரு கைப்பிடி கரைந்து செத்திருந்தது; அதை எடுத்தாயிற்று. கால் இருக்கிறது. நாளை மறுபடி திறந்து பார்க்க வேண்டும், அதற்குள் மேலே ஏறக் கூடாது என்றார்.

மறுநாளும் திறந்தார்கள். அதற்கடுத்தும் ஒரு தடவை. ஒவ்வொரு முறையும் நான் கட்டிலருகே நின்று சொல்லுக்குச் சொல் சொன்னேன். பிறகு ஒரு காலையில் பார்த்தபோது புண்ணின் அடியில் புதுச் சதை, மாதுளை முத்து நிறத்தில், முளைக்கத் தொடங்கியிருந்தது. மிஸ் அதைக் காட்டி, "ஹொந்தாய்" என்று சிரித்தார். அந்தச் சொல்லை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். அவர் வீட்டுக்குப் போனபோது உண்மையாகவே டிக்கட் வெட்டித்தான் போனார்.

லெட்சுமணனால் இனிச் சரிவில் ஊன்றி நிற்க முடியாது. கண்டாக்கய்யாவிடம் ரத்னா போய்ப் பேசியதில், தோட்டத்து நர்சரியில் தேயிலைக் கன்றுகளுக்கு மண் நிரப்பும் வேலை கிடைத்தது. உட்கார்ந்து செய்கிற வேலை. வலது கெண்டைக்காலில் ஒரு பள்ளம் இருக்கிறது. இப்போதும் சின்னச் சிராய்ப்பு பட்டாலும் அன்றே டிஸ்பென்சரிக்குப் போய்விடுகிறார். அங்கே ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினாலும் வாசலிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறாராம். அதே லயத்தில், அதே காம்பராவில், ரத்னாவோடு இருக்கிறார். நொண்டித்தான் நடக்கிறார், ஆனால் இரண்டு காலிலும் நடக்கிறார்.